விரலுக்கு வழி சொல்லாத கண்ணாடி



"இதுக்கு மூக்குமில்லை, காதுமில்லை. நான் எதைப் புடிச்சு நிறுத்துறது, வாப்பா?"

ஈராண்டுகளுக்கு முன் ஒரு நோன்பு மாதத்து மாலைப் பொழுதில் என் உம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது ஓர் அடுப்பைப் பற்றி. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தம்பி, உம்மா இனி எரிவாயு நெருப்போடு போராட வேண்டாமே என்ற அன்பினால் வாங்கி வைத்த இண்டக்ஷன் அடுப்பு அது. கறுத்துப் பளபளக்கும் ஒரே கண்ணாடிப் பலகை. திருகு இல்லை, பொத்தான் இல்லை. விரல் வைத்தால் உள்ளிருந்து செவ்வெழுத்துகள் ஒளிரும். வீட்டிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று வியந்து பார்த்தனர். உம்மாவால் மட்டும் பார்க்க இயலவில்லை.

கண் நீர் அழுத்த நோயினால் அவருடைய பார்வை பல ஆண்டுகளாகத் தேய்ந்து வந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும் நிலையில் இருக்கிறது. ஆயினும் பழைய எரிவாயு அடுப்பில் அவர் சமைத்துக்கொண்டுதான் இருந்தார். திருகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை விரல் சொல்லும். தீ எவ்வளவு எரிகிறது என்பதை அதன் ஓசை சொல்லும். புதிய அடுப்பு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று நோன்புக் கஞ்சி பொங்கி வழிந்தது. ஓசை கேட்டு நிறுத்தப் போன அவருடைய கை, வழவழப்பான கண்ணாடியில் பொத்தானைத் தேடித் தேடிச் சட்டியின் ஓரத்துச் சூட்டில் பட்டுவிட்டது. உடனே குழாய் நீரில் 20 நிமிடம் கையைக் காட்டியதால் காயம் பெரிதாகவில்லை. ஆனால், வலக்கையின் இரண்டு விரல்நுனிகள் கொப்பளித்துப் போயின. நம்மில் ஒருவருக்கு விரல் கொப்பளித்தால் அது விரல் வலி. விரலாலேயே உலகைப் பார்ப்பவருக்கோ அந்தப் பத்து நாளும் பார்வை போன நாள்கள்.

அந்தப் பத்து நாளில்தான் இந்தக் கண்ணாடியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம். தொட்டால் இயங்கும் ஒளிரும் கண்ணாடி இன்று அடுப்போடு நிற்கவில்லை. உணவைச் சூடாக வைத்திருக்கும் தட்டு, நீராவி படியாத குளியலறைக் கண்ணாடி, மின்தூக்கியின் பலகை, காரின் முகப்பு, குளிர்நாடுகளில் சுவரில் தொங்கி அறையைச் சூடேற்றும் பலகை என அது எங்கும் பரவி வருகிறது. நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வந்த விருந்தாளி யார் என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

கண்ணாடிக்கு விரல் எப்படித் தெரிகிறது?

நம் உடல் பெரும்பாலும் உப்பு நீர். ஆகவே மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. கண்ணாடிக்கு அடியில் நாணயம் அளவுள்ள ஓர் உலோகத் தகட்டை வைத்து, அதில் மிக நுண்ணிய மின்னேற்றத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கண்ணாடியின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்புலம் பரவி நிற்கும். விரல் அருகில் வந்ததும் அந்தத் தகடும் விரலும் சேர்ந்து மின்னேற்றத்தைச் சற்றுக் கூடுதலாகத் தேக்கிக்கொள்ளும். இந்த மாற்றம் ஒரு பிகோ ஃபாரட் அளவு, சில வேளைகளில் அதற்கும் குறைவு. ஒரு ஃபாரட் என்னும் அலகில் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோ ஃபாரட். இத்துணைச் சிறிய மாற்றத்தை ஒரு சிறு சில்லு கண்டுபிடித்து, 'விரல் வந்தது' என்று அறிவிக்கிறது.

இந்த உண்மை புதியதன்று. 1920ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின், கை படாமலே இசைக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். கை நெருங்கினால் ஓசை மாறும், விலகினாலும் மாறும். 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த ராடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன், விரல் தொட்டால் இயங்கும் திரையைப் பற்றி எழுதினார். 1970களில் ஜெனீவாவையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஃப்ராங்க் பெக், பென்ட் ஸ்டும்பே ஆகியோர், ஆயிரக்கணக்கான பொத்தான்களுக்கு மாற்றாகத் தொடுதிரைகளைத் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் அமைத்தனர். அங்கிருந்து நம் அடுப்படிக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

விரலுக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு காண்பதுதான் இந்தச் சில்லுக்குக் கடினம். மின்புலத்துக்கு இடம் கொடுக்கும் தன்மை காற்றுக்கு 1 என்றால், கண்ணாடிக்கு ஏறத்தாழ 7; தண்ணீருக்கோ 80. பொங்கி வழிந்த கஞ்சி பொத்தானின் மேல் பரவினால், பல விரல்கள் ஒன்றாய் அழுத்தியதுபோல் சில்லுக்குத் தோன்றும். நல்ல அடுப்பு அப்போது கூவி எச்சரித்துத் தானே நின்றுவிடும். அவ்வாறு நின்றால் அது பழுதென்று எண்ணாதீர்கள். துடைத்து உலர்த்தினால் மீண்டும் இயங்கும்.

கண்ணாடிக்குள் விளக்கு

அணைந்திருக்கும்போது வெறும் கறுப்பாகத் தெரியும் பலகையில், மின்சாரம் வந்ததும் எண்கள் எங்கிருந்து முளைக்கின்றன? கண்ணாடியின் பின்புறத்தில் பீங்கான் போன்ற மையை அச்சிட்டுச் சூளையில் சுட்டுப் பதிக்கிறார்கள். எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் மை மெல்லியதாக இருக்கும். அதன் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் அமர்ந்திருக்கும். அவை எரியாதவரை எழுத்தைக் காண இயலாது.

கறுப்பு மை என்றவுடன் கரி கலந்த மை நம் நினைவுக்கு வரலாம். இங்கே அது உதவாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். விரலுக்கும் தகட்டுக்கும் நடுவில் திரையாக நின்று தொடுகையை மறைத்துவிடும். ஆகவே மின்கடத்தாத நிறமிகளையே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. ஒரு துளி மையில்கூட இத்தனை கவனம்!

கண்ணாடிக்குள் வெப்பம்

கடற்கரையூர்க் கடைகளில் ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடிக் கதவைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே கடுங்குளிர், வெளியே புழுக்கம். ஆயினும் பல கதவுகளில் ஈரம் படிவதில்லை. அந்தக் கண்ணாடியை மின்சாரம் மெல்லச் சூடேற்றிக்கொண்டிருப்பதே காரணம். காரின் பின்கண்ணாடியில் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகளும் அப்படியே. வெள்ளித்தூள் கலந்த கூழை அச்சிட்டுச் சுட்ட கோடுகள் அவை. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 10 முதல் 20 ஆம்பியர் வரை மின்சாரம் அவற்றில் பாயும்போது பனியும் ஈரமும் விலகும்.

கோடே தெரியாமல் சூடேற்றும் வழியும் உண்டு. டின் ஆக்சைடு எனப்படும் வெள்ளீயச் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலமாகப் படியச் செய்தால், ஒளி தடையின்றி ஊடுருவும், மின்சாரமும் பாயும், பாயும் மின்சாரம் வெப்பமாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே விமானங்களின் முன்கண்ணாடியில் உறைபனி படியாதிருக்க இப்படலம் பயன்பட்டது. இதிலே ஓர் அழகிய பொருத்தமும் உண்டு. இன்று உலகிற் பெரும்பாலான தட்டைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயக் குளத்தின்மேல் மிதந்து சமதளம் ஆகிறது. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த முறை இது. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய செயின்ட் கோபேன் ஆலையும் இம்முறையையே கைக்கொண்டது. வெள்ளீயத்தின்மேல் பிறக்கும் கண்ணாடியைச் சூடேற்றவும் வெள்ளீயமே துணை நிற்கிறது!

இண்டக்ஷன் அடுப்பில் மட்டும் செய்தி வேறு. அங்கே கண்ணாடி சூட்டை உண்டாக்குவதில்லை. அடியிலுள்ள கம்பிச் சுருள், வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசைமாறும் காந்தப்புலத்தை எழுப்புகிறது. இரும்புத் தன்மையுள்ள பாத்திரத்தின் அடிப்பகுதியில் அது மின்னோட்டத்தைத் தூண்டிப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. அடுப்பு சுடாது என்று விற்பனையாளர் சொல்வது பாதி உண்மை. பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் இறங்கும். பாத்திரத்தை எடுத்த பின்னும் சற்று நேரம் சுடும். என் உம்மாவின் விரல்கள் அறிந்த மறுபாதி உண்மை அது.

மூன்றையும் ஒன்றாக்கும்போது

தொடுகை, ஒளி, வெப்பம் ஆகிய மூன்றையும் ஒரே கண்ணாடியில் குடிவைப்பது எளிதன்று. ஒன்றுக்கொன்று பகை. சூடேற்றும் படலம் மின்கடத்தி. அது தொடுதகட்டின் மேல் பரவியிருந்தால் விரல் வருவதே தகட்டுக்குத் தெரியாது. எனவே பொத்தான் இருக்கும் இடத்தில் அப்படலத்தைச் சுரண்டி எடுத்து ஒரு சாளரம் திறந்து வைக்க வேண்டும். சூடு ஏறினால் தொடுதகட்டின் அளவுகள் மெல்ல நகரும். அந்த மெதுவான நகர்வை விரல் என்று தவறாகக் கொள்ளாதபடி சில்லு தன்னைத்தானே ஓயாது திருத்திக்கொள்ள வேண்டும். எல்.இ.டி. விளக்கோ வெப்பத்தைத் தாங்காது. சூட்டில் ஒளி மங்கி ஆயுள் குறையும்.

கண்ணாடியின் இயல்பும் இடர்தான். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கண்ணாடி 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும். நடுப்பகுதி நீண்டு ஓரம் நீளாவிட்டால் விரிசல் விழும். சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாடே ஆபத்து. அதனால்தான் அதை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் குளிர்காற்றால் சட்டென ஆறவைத்து உரமேற்றுகிறார்கள். கடைக்காரர் 'டஃபன்டு கிளாஸ்' என்பது இதையே. ஏறத்தாழ 200 டிகிரி வேறுபாட்டை இது தாங்கும். உடைந்தாலும் கூரிய துண்டுகளாகாமல் சிறு மணிகளாய் உதிரும். ஆனால், உரமேற்றிய பின் அதில் துளையிடவோ ஓரத்தை வெட்டவோ கூடாது; முழுப் பலகையும் நொறுங்கிவிடும். துளை எங்கே வேண்டுமென்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுப்பின் பலகைக்கு இந்த உரமும் போதாது. அதற்கு விடை கிடைத்தது ஒரு தவற்றினால். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் வேதியியலார், 600 டிகிரியில் வைக்க நினைத்த கண்ணாடித் துண்டு, உலை தவறாக இயங்கியதால் 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகிப் பாழாகியிருக்கும் என்று நினைத்து எடுத்தவரின் இடுக்கியிலிருந்து அது நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை! கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் வளர்ந்திருந்தன. கண்ணாடிப் பீங்கான் என்ற இந்த இனத்தில், பிற்காலத்தில் அடுப்புக்கென உருவான வகையில், சூட்டில் சுருங்கும் படிகங்களும் சூட்டில் விரியும் கண்ணாடியும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆகவே பலகை நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை. பக்கவாட்டில் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவதால், நடுவில் கொதிக்கும்போதும் சாண் தொலைவிலுள்ள பொத்தான் பகுதியில் விரலை வைக்க முடிகிறது.

விடுபட்டுப் போன ஒன்று

இவ்வளவும் படித்தறிந்தபோது மனித அறிவின் நுட்பத்தை எண்ணி வியந்தேன். ஆனால், உம்மாவின் கேள்விக்கு இவற்றில் எங்கும் விடை இல்லை. யோசித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. இந்தக் கண்ணாடி விரலை உணர்கிறது. விரல் எதையும் உணர்வதில்லை. பழைய திருகில் உணர்வு இருபுறமும் இருந்தது. திருகு கைக்கு அடங்கிற்று. கையும் திருகின் நிலையை அறிந்தது. புதிய பலகையில் தொடுகை என்ற சொல் இருக்கிறது, தொட்டறிவது இல்லை. இலட்சம் கோடியில் ஒரு பங்கு மாற்றத்தையும் கண்டறியும் கருவியை அமைத்தவர்கள், ஓர் அரிசியளவு மேட்டை வைக்க மறந்துவிட்டார்கள்.

இது பார்வை குறைந்தவர்களின் குறை மட்டும்தானே என்று எண்ணிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் மாண்டனர். அவர்கள் எல்லாரும் கண் தெரிந்தவர்களே. கப்பலைச் செலுத்தும் தொடுதிரை அமைப்பின் சிக்கலும், அதில் போதிய பயிற்சி இன்மையும் விசாரணையில் வெளிப்பட்ட காரணங்களுள் அடங்கும். கப்பலின் வேகத்தைக் கையாளும் தொடுதிரைகளை நீக்கிக் கைப்பிடி நெம்புகோல்களை மீண்டும் பொருத்த அக்கடற்படை 2019இல் முடிவெடுத்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும், ஒலிப்பான், திரும்பும் விளக்கு, மழைத்துடைப்பான் முதலியவற்றுக்குக் கையால் உணரத்தக்க தனிப் பொத்தான்கள் வேண்டுமென்று 2026ஆம் ஆண்டு விதிகளில் வலியுறுத்துகிறது. நெருக்கடியில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கும். அப்போது கைதான் வழி காண வேண்டும். பொங்கும் கஞ்சியின் முன் நிற்கும் எந்த இல்லத்தரசிக்கும் இது தெரியும்.

இதற்குத் தீர்வு மலையளவு கடினமும் அன்று. தொலைபேசியில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு புள்ளி மேடாக இருப்பதை விரலால் தடவிப் பாருங்கள். தட்டச்சுப் பலகையில் இரண்டு எழுத்துகளின் மேல் சிறு வரம்பு இருக்கிறது. பல்லாயிரம் பேர் அந்த ஒரு புள்ளியை நம்பி, பாராமலே எழுதுகிறார்கள். கண்ணாடியிலும் உரமேற்றுமுன் ஒரு குழியோ மேடோ அமைக்க இயலும். சில உற்பத்தியாளர் அமைக்கவும் செய்கின்றனர். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லாரும் பயன்படுத்தத்தக்க வகையில் நுகர்பொருள்கள் உருவாவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. வாங்குகின்ற நாம் கேட்டால்தான் அது கடைக்கு வந்து சேரும்.

வாங்குமுன் கேளுங்கள்

ஆகவே நேயர்களே, தொடுகண்ணாடிப் பொருள் எதையும் வாங்குமுன் கடையிலேயே கண்களை மூடிக்கொண்டு அதை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். உங்களால் இயலாவிட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களால் இயலாது. தொட்டால் ஓசை எழுகிறதா, இயக்கவும் நிறுத்தவும் வெவ்வேறு ஓசையா என்று கேளுங்கள். சிறுபிள்ளைகள் தொடாதிருக்கப் பூட்டு வசதி உண்டா, அணைத்த பின்னும் சூடு இருந்தால் அறிவிப்பு உண்டா என்று பாருங்கள். ஈரத்துணியைப் பொத்தான் மேல் வைத்தால் என்ன செய்கிறது என்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் அதற்கென எர்த் இணைப்புள்ள தனிச் சுவிட்ச், கைக்கெட்டும் உயரத்தில், அடுப்பைத் தாண்டிக் கை நீட்டத் தேவையில்லாத இடத்தில் இருக்கட்டும். மின்கசிவைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் காவற்கருவி வீட்டில் இல்லையென்றால் மின்பணியாளரிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள். குளியலறையில் சூடேறும் கண்ணாடி மாட்டுவோருக்கு இது கட்டாயம். பலகையில் விரிசல் கண்டால் மயிரிழை அளவே ஆனாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். அதன் வழியே நீர் இறங்கும்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது மிக எளிது. தெளிந்த சிலிக்கான் பசையை எடுத்து, நிறுத்தும் பொத்தானுக்கு இடப்புறம் ஒரு புள்ளியும், சூட்டைக் கூட்டும் பொத்தானுக்கு இடப்புறம் இரண்டு புள்ளிகளும் அரிசியளவில் வைத்து ஒருநாள் முழுதும் உலரவிட்டோம். பொத்தானின் மேலே வைத்தால் தொடுகை மந்தமாகும். ஆதலால் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். சட்டி அமரும் இடத்துக்கும் பொத்தான் பகுதிக்கும் நடுவே ஒரு நீண்ட வரம்பும் இட்டோம். 'இதற்கு அப்பால் சூடு' என்று அந்த வரம்பு விரலுக்குச் சொல்லும். அடுப்பு முன்பின் நகராதபடி மேடையில் ஒரு கட்டையும் பொருத்தினோம்.

புண் ஆறிய பின் உம்மாவை அழைத்து வந்து காட்டினேன். கை மெல்ல ஊர்ந்து வரம்பைத் தொட்டது, நின்றது, பின்வாங்கிற்று. ஒற்றைப் புள்ளியைக் கண்டது. அடுப்பு ஒருமுறை கூவி அணைந்தது. உம்மா மீண்டும் இயக்கினார், மீண்டும் அணைத்தார். ஐந்தாறு தடவை இவ்வாறு செய்துவிட்டு, "இப்ப இதுக்கு மூக்கு வந்துருச்சு, வாப்பா" என்றார்.

அந்த நோன்பின் கடைசி வாரத்துக் கஞ்சியை அவரே காய்ச்சினார். அதற்கு ஆன செலவு அரைக் குழல் பசைதான். உங்கள் இல்லத்திலும் ஓர் உம்மா இருக்கக்கூடும். பார்வை மங்கிய ஒரு வாப்பா இருக்கக்கூடும். அடுத்த முறை அவர்களுக்கென ஒரு பளபளப்பான பொருளை வாங்கும்போது, அதை முதலில் அவர்களுடைய விரலிடம் காட்டுங்கள்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.